நொதிவழிக் குளுக்கோஸ் உணரி: முதன்முறையாக உருவாக்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைக் கொண்டு மின்வேதியியல் உணரி ஒன்றை உருவாக்க நான் இறங்கியபோது, கையில் இருந்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் செய்முறை அரைப் பக்கத்தில் முடிந்திருந்தது. அந்த அரைப் பக்கத்தைச் சரியாகச் செய்து காட்ட எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அவற்றில் நான்கு மாதங்கள் முழுக்க வீண். நான் செய்த தவறுகள் பெரும்பாலும் வேதியியல் தெரியாததால் வந்தவை அல்ல. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று சொல்ல யாரும் இல்லாததால் வந்தவை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நொதியைக் கடைசியாகச் சேருங்கள். இந்த நொதி பீட்டா-டி-குளுக்கோஸை ஆக்சிஜனின் துணையோடு குளுக்கோனோலாக்டோனாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. முதல் தலைமுறை உணரியில் மின்முனை அளப்பது அந்தப் பெராக்சைடைத்தான். ஆகவே பெராக்சைடைச் சரியாக அளக்கத் தெரியாத மின்முனையின் மேல் எவ்வளவு நல்ல நொதியைப் பூசினாலும் பயனில்லை.

1. எந்த மாதிரியில், எந்த வீச்சில் அளக்கப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

இரத்தம் என்றால் ஏறத்தாழ 1 முதல் 30 மில்லிமோலார் வரை அளக்க வேண்டியிருக்கும். மருத்துவ அறிக்கைகளில் காணும் மி.கி./டெ.லி. எண்ணை 18ஆல் வகுத்தால் மில்லிமோலார் கிடைக்கும், 90 மி.கி./டெ.லி. என்பது 5 மில்லிமோலார். வியர்வை, உமிழ்நீர் போன்றவற்றில் குளுக்கோஸ் இதைவிடப் பன்மடங்கு குறைவு. இரண்டுக்கும் ஒரே உணரி பொருந்தாது: முன்னதற்கு வீச்சு அகலமாக வேண்டும், பின்னதற்கு உணர்திறன் கூடுதலாக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும். இந்த முடிவை எடுக்காமல் தொடங்குபவர்கள், கட்டுரைக்குக் கட்டுரை மாறும் செய்முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று களைத்துப்போகிறார்கள்.

2. ஆவணங்களை முதல் நாளே தொடங்குங்கள்

மனித இரத்தத்தையோ சீரத்தையோ தொடும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். ஆய்வுத் திட்டம், மாதிரி தருபவருக்கான விளக்கத் தாள், ஒப்புதல் படிவம், கழிவை அகற்றும் முறை ஆகியவற்றைக் கேட்பார்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது வழக்கம் என்பதால் வாரங்கள் மாதங்களாகும். நான் ஆய்வகப் பணி முடிந்த பிறகு விண்ணப்பித்தேன். நன்றாக வேலை செய்த மின்முனைகள் குளிர்பதனப் பெட்டியில் இருந்தபடியே வலுவிழந்தன. மாதிரியைக் கையாளப் போகிறவர்கள் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசித் தவணைகளையும் இந்தக் காலத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

நொதி வாங்கும்போது அந்தத் தொகுதிக்கு உரிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை அலகு. இரண்டாவது, அந்த அலகு எந்தப் பிஎச் அளவிலும் வெப்பநிலையிலும் வரையறுக்கப்பட்டது என்பது. ஆஸ்பெர்கில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் நொதி பிஎச் 5.5 அருகே சிறப்பாக வேலை செய்வதால், சான்றிதழில் உள்ள எண் பெரும்பாலும் அந்தச் சூழலுக்கு உரியது, பிஎச் 7.4இல் 25 டிகிரியில் அதே அளவை எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது, காட்டலேஸ் மாசு எவ்வளவு என்பது. காட்டலேஸ் பெராக்சைடைச் சிதைக்கும் நொதி என்பதால், அது கலந்திருந்தால் நீங்கள் அளக்க வேண்டிய பொருள் மின்முனையை எட்டும் முன்பே அழிந்துவிடும்.

3. பணம் எங்கே போகும்

பெரிய செலவு, மின்முனையில் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி. உங்களுக்குத் தேவையானது சைக்ளிக் வோல்டாமெட்ரியும் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது; அந்த வரைபடமே வோல்டாமோகிராம்) ஆம்பரோமெட்ரியும் (ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்தி மின்னோட்டத்தை அளப்பது) மட்டும். நானோஆம்பியரிலிருந்து சில நூறு மைக்ரோஆம்பியர் வரை அளக்கும் எளிய கருவி போதும். மின்மறுப்பு அளக்கும் வசதிக்காகப் பல மடங்கு கொடுக்க வேண்டாம். தேவைப்படும் ஓரிரு நாளைக்கு வேறு ஆய்வகத்தில் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

நொதிதான் விலை உயர்ந்தது என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீழே நான் தரும் முறையில் ஒரு மின்முனைக்கு 27 மைக்ரோகிராம் நொதி போகிறது. 10 மில்லிகிராம் இருந்தால் முந்நூறு மின்முனைகளுக்கு மேல் வரும். உண்மையில் மாதந்தோறும் பணத்தைக் கரைப்பது ஒருமுறை மட்டும் பயன்படும் அச்சிட்ட மின்முனைகள்தாம். ஒரு நிலைக்கு ஐந்து என்று வைத்தாலும், ஒப்பிட வேண்டிய நிலைகள் பத்து, பழுதானவை, பழகுவதற்கானவை எல்லாம் சேர்ந்து நூற்றைத் தாண்டிவிடும். ஆகவே பழகும் காலம் முழுவதும், தேய்த்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாட்டினம் வட்ட மின்முனையிலேயே வேலை செய்யுங்கள். முறை கைவந்த பிறகு அச்சிட்டவற்றை, ஒரே தொகுதியாக, மொத்தமாக வாங்குங்கள். தொகுதி மாறினால் அளவுத்திருத்தமும், அதாவது எந்தச் செறிவுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்ற கணக்கும், மாறும்.

4. கரைசல்கள்: என் நான்கு மாதங்கள் போன இடம்

குளுக்கோஸ் இருப்புக் கரைசலை அளவைக்கு முந்தைய நாளே தயாரித்து, இரவு முழுவதும் அறை வெப்பநிலையில் வைத்திருந்த பிறகே பயன்படுத்துங்கள். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான்கு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

கடையில் கிடைக்கும் படிகக் குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்பா வடிவில் இருக்கிறது. நொதியோ பீட்டா வடிவத்தையே ஏற்கிறது. நீரில் கரைந்த பின் ஆல்பா மெல்ல மெல்லப் பீட்டாவாக மாறி, பல மணி நேரம் கழித்து ஏறத்தாழ 64 விழுக்காடு பீட்டா என்ற சமநிலையை அடைகிறது. நான் தினமும் காலையில் கரைசல் தயாரித்து உடனே அளந்தேன். காலையில் அளவுத்திருத்தக் கோட்டின் சாய்வு குறைவாகவும் மாலையில் அதே மின்முனையில் கூடுதலாகவும் வந்தது. நொதிப் படலம் ஈரம் உறிஞ்சி விழித்துக்கொள்ள நேரம் எடுக்கிறது என்று எண்ணி, படலத்தின் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். படலத்தில் குறையே இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மிஞ்சிய கரைசலைத் திங்களன்று எடுத்து அளந்தபோது காலையும் மாலையும் ஒரே எண் வந்தது, அப்போதுதான் புரிந்தது.

1 மோலார் இருப்புக் கரைசலுக்கு 18.02 கிராம் நீரற்ற குளுக்கோஸை 100 மில்லிலிட்டருக்குக் கரையுங்கள். ஒற்றை நீர் மூலக்கூறு கொண்ட படிகம் என்றால் 19.82 கிராம், புட்டியின் முகப்பைப் படிக்காமல் எடை போடுபவர்கள் பத்து விழுக்காடு பிழையோடு தொடங்குகிறார்கள். இரவு கழிந்ததும் 4 டிகிரியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கலங்கல் தெரிந்தால் நுண்ணுயிர் குளுக்கோஸைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள், கொட்டிவிடுங்கள்.

பிஎச் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலாக 0.1 மோலார் பாஸ்பேட், பிஎச் 7.4, அதனுடன் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குளோரைடை விட்டுவிடாதீர்கள். அச்சிட்ட மின்முனைகளில் உள்ள வெள்ளி/வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனை நேரடியாக உங்கள் கரைசலையே தொட்டு நிற்பதால், குளோரைடின் செறிவு பத்து மடங்கு மாறினால் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும்; கருவி காட்டும் எண் மட்டும் மாறாமல் நிற்கும்.

பெராக்சைடை அன்றன்றே நீர்க்கச் செய்யுங்கள். 30 விழுக்காட்டுப் பெராக்சைடு ஏறத்தாழ 9.8 மோலார், ஆயிரம் மடங்கு நீர்த்தால் 240 நானோமீட்டரில் 1 சென்டிமீட்டர் குவளையில் ஒளி உறிஞ்சல் 0.43 அருகே வர வேண்டும். புட்டி பழையதென்றால் குறைவாக வரும்; எது வருகிறதோ அதைக் கொண்டு உண்மைச் செறிவைக் கணக்கிடுங்கள்.

5. நொதி இல்லாத மின்முனையை முதலில் சோதியுங்கள்

மின்முனையை 1.0, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாக் கூழில் இந்த வரிசையில் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் தூய நீரில் கழுவி, இறுதியில் மீயொலிக் குளியலில் ஓரிரு நிமிடம் வையுங்கள். பிளாட்டினத்தை 0.5 மோலார் கந்தக அமிலத்தில் -0.2 முதல் +1.2 வோல்ட் வரை, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை சுழற்றுங்கள். பிறகு 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கரைத்த 5 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் ஒரு வோல்டாமோகிராம் எடுங்கள். இரு முகடுகளுக்கும் இடைவெளி கோட்பாட்டின்படி 59 மில்லிவோல்ட்; 70 முதல் 80 வரை வந்தால் மேலே செல்லலாம். 120 வந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

அடுத்து, +0.6 முதல் +0.7 வோல்ட்டில் நிறுத்தி, கரைசலைச் சீராகக் கலக்கியபடி, பின்னணி மின்னோட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பெராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளவுத்திருத்தக் கோடு வரையுங்கள். பின்னணி அடங்க இருபது முப்பது நிமிடங்கள் ஆகலாம். பொறுமை இழந்து ஐந்தாம் நிமிடத்தில் தொடங்கினால், சரிந்துகொண்டிருக்கும் பின்னணியின் மேல் மின்னோட்டப் படிகளை ஏற்றுவீர்கள். கோட்டின் சாய்வை மின்முனையின் எண்ணோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னால் வரும் எல்லாப் பழுதாய்வுக்கும் அடித்தளம் இந்த எண்.

இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் தொல்லை தருகிறதென்றால், பிரஷ்யன் நீலம் பூசிய கார்பன் மின்முனையைக் கருதலாம். அது பெராக்சைடைச் சுழிய வோல்ட்டை ஒட்டியே ஒடுக்குவதால் குறுக்கீடுகள் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் அதற்குக் கரைசலில் பொட்டாசியம் அயனி கட்டாயம் வேண்டும். காரச் சூழலில் படலம் கரைந்து போகும் என்பதால் பிஎச் 7ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

6. நொதியை நிலைநிறுத்துதல்

வழிகள் பல உண்டு. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது குளூட்டரால்டிஹைடு கொண்டு மாட்டுச் சீர அல்புமினுடன் குறுக்குப் பிணைப்பது. மலிவானது, ஒரே நாளில் முடிவது, தவறினால் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கக்கூடியது.

பிஎச் 7 பாஸ்பேட்டில் நொதியை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமாகவும், அல்புமினை 40 மில்லிகிராமாகவும் தனித்தனியே கரைத்து, சம அளவில் கலக்குங்கள். நுரை எழும்படி குலுக்காதீர்கள். 2.5 விழுக்காட்டுக் குளூட்டரால்டிஹைடை இந்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, உடனே 3 மைக்ரோலிட்டர் எடுத்து மின்முனையின் நடுவில் விடுங்கள். கலவை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். ஆகவே ஒரு முறைக்கு ஆறு மின்முனைகளுக்கு மேல் வரிசையில் வைக்காதீர்கள். குளூட்டரால்டிஹைடின் ஆவி மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் இதைச் செய்ய வேண்டும்.

டிரிஸ் போன்ற அமீன் உள்ள தாங்கல் கரைசல் எதையும் இந்தக் கட்டத்தில் பயன்படுத்தாதீர்கள். புரதத்தோடு பிணைய வேண்டிய குளூட்டரால்டிஹைடை அதுவே பிடித்துக்கொள்ளும். படலம் மறுநாள் கழுவும்போது வழித்துக்கொண்டு வந்துவிடும்.

துளி உலர்வதை ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பாருங்கள். முதலில் அது வெளிர் மஞ்சள் மணியாக, மேடாக நிற்கிறது. அந்த மஞ்சள் நொதிக்குள் இருக்கும் ஃபிளேவினின் நிறம். திறந்த மேசையில் விட்டால் ஓரங்கள் முதலில் உலர்ந்து, நடுவில் இருந்த புரதத்தை இழுத்துக்கொண்டு, அடர்ந்த மஞ்சள் வளையமாகப் படிகின்றன. நடுப்பகுதி ஏறத்தாழ வெறுமையாகிவிடுகிறது. ஒரே கலவையில் செய்த ஐந்து மின்முனைகள் ஐந்து விதமாக அளப்பதற்கு இந்த வளையம் ஒரு முக்கியக் காரணம். ஈரமான தாள் ஒன்றை ஓரத்தில் வைத்து மூடிய பெட்ரித் தட்டுக்குள், 4 டிகிரியில், இரவு முழுவதும் மெதுவாக உலர விட்டால் படலம் சீராக அமையும்.

மறுநாள் 0.1 மோலார் கிளைசின் கரைசலில் பதினைந்து நிமிடம் வைத்து மிஞ்சிய ஆல்டிஹைடை அடக்குங்கள். பின் தாங்கல் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். கடைசிக் கழுவுநீரில் நொதி கசிகிறதா என்று பெராக்சிடேஸும் ஏபிடிஎஸ் நிறமியும் குளுக்கோஸும் சேர்த்துச் சோதியுங்கள். பச்சை நிறம் தோன்றினால் படலம் இன்னும் கசிகிறது. இதே தொகுதியில், நொதிக்குப் பதிலாகவும் அல்புமினே இட்ட இரண்டு வெற்று மின்முனைகளையும் கட்டாயம் செய்யுங்கள்.

7. அளவுத்திருத்தமும் பழுதாய்வும்

10 மில்லிலிட்டர் கரைசலில் 1 மோலார் இருப்பிலிருந்து 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் ஏறத்தாழ 5 மில்லிமோலார் வரும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் கன அளவு கூடுவதைக் கணக்கில் திருத்துங்கள். திரையில் மின்னோட்டம் படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியின் கடைசிப் பத்து நொடிகளின் சராசரியை எடுங்கள். ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். செறிவு கூடக் கூடப் படிகள் சிறுத்துக் கோடு வளைவது இயல்பு. வளைந்த புள்ளிகளின் ஊடே நேர்கோட்டை வலிந்து வரைந்து நல்ல ஒட்டுறவு எண் காட்டுவது பலர் செய்யும் தவறு. நேர்கோட்டு வீச்சு எங்கே முடிகிறதோ அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

வளைவு மிகச் சீக்கிரம் வந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையை ஐயுறுங்கள். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் 25 டிகிரியில் ஏறத்தாழ 0.25 மில்லிமோலார் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கிறது. குளுக்கோஸோ அதைப்போல் பல மடங்கு. குளுக்கோஸ் உள்ளே வரும் வேகத்தைத் தணிக்கும் பாலியூரித்தேன் போன்ற மேற்படலம் ஒன்றைப் போர்த்தினால் மின்னோட்டம் குறையும், ஆனால் வீச்சு நீளும். இரத்தத்துக்கு அந்தப் பேரம் கட்டுபடியாகும்.

மின்னோட்டமே குறைவாக வந்தால் கலவையை மாற்றத் தாவாதீர்கள். அதே மின்முனையில் பெராக்சைடை மீண்டும் சேர்த்து, 5ஆம் பகுதியில் எழுதி வைத்த சாய்வோடு ஒப்பிடுங்கள். பெராக்சைடுச் சாய்வும் பெரிதும் விழுந்திருந்தால், படலம் தடித்திருக்கிறது அல்லது மின்முனைப் பரப்பு அழுக்கடைந்திருக்கிறது. துளியின் அளவைக் குறையுங்கள். பெராக்சைடுச் சாய்வு நன்றாக இருந்து குளுக்கோஸுக்கு மட்டும் மின்னோட்டம் இல்லையென்றால், நொதி செயலிழந்திருக்கிறது, அல்லது கழுவும்போது போய்விட்டது. குளூட்டரால்டிஹைடைப் பாதியாக்கிப் பாருங்கள், கழுவுநீரையும் சோதியுங்கள். இரண்டும் நன்றாக இருந்து எண்கள் மட்டும் நாளுக்கு நாள் மாறினால் கரைசலையும் வெப்பநிலையையும் பாருங்கள். இந்தப் பிரித்தறிதல் பத்து நிமிட வேலை. இது தெரியாமல் நான் எத்தனை படலங்களைத் தூக்கி எறிந்தேன் என்று எண்ணினால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

8. குறுக்கீடுகள்

+0.6 வோல்ட்டில் அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், பாராசிட்டமால் மூன்றும் பிளாட்டினத்தில் நேரடியாக ஆக்சிஜனேற்றம் அடைந்து பொய்யான மின்னோட்டம் தரும். 5 மில்லிமோலார் குளுக்கோஸின் மேல் அஸ்கார்பிக் அமிலம் 0.1, யூரிக் அமிலம் 0.5, பாராசிட்டமால் 0.2 மில்லிமோலார் என்று தனித்தனியே சேர்த்துப் பாருங்கள். அஸ்கார்பிக் அமிலக் கரைசலை அந்த மணி நேரத்திலேயே கரைக்க வேண்டும். காலையில் கரைத்ததை மாலையில் சேர்த்துவிட்டு "குறுக்கீடு இல்லை" என்று எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன்.

நாஃபியான் என்ற பலபடிப் பூச்சு எதிர்மின் சுமை உடையது என்பதால், அதே சுமையுள்ள முதல் இரண்டையும் தடுக்கும். பாராசிட்டமால் சுமையற்ற மூலக்கூறு. அது நாஃபியானைக் கடந்துவிடும். அதற்கு, மூலக்கூறின் பருமனைக் கொண்டு வடிகட்டும் செல்லுலோஸ் அசிட்டேட்டையோ, மின்முனை மேலேயே மின்வழி பலபடியாக்கிய ஆர்த்தோ-பினைலீன்டைஅமீன் படலத்தையோ நாட வேண்டும். பின்னதை நொதிக்கு அடியில் இட வேண்டும் என்பதால், அதை இட்ட பிறகு 5ஆம் பகுதியின் பெராக்சைடுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். விற்பனைக்கு வரும் நாஃபியான் கரைசல் அமிலத் தன்மையும் ஆல்கஹாலும் கொண்டது. அதை நொதியின் மேல் அப்படியே ஊற்றினால் நொதி வாடும். 0.5 விழுக்காட்டுக்கு நீர்த்து, பிஎச் சரிசெய்து பூசுங்கள்.

9. நிலைப்புத்தன்மையும் சீரமும்

நிலைப்புத்தன்மைச் சோதனை நாள்காட்டியோடு ஓடுவது. அதை விரைவுபடுத்த முடியாது. முதல் நல்ல தொகுதி கிடைத்த அன்றே இருபது மின்முனைகளை 4 டிகிரியில் உலர்ந்த நிலையில் சேமித்துவிட்டு, வாரத்துக்கு நான்கு வீதம் எடுத்து அளந்து வாருங்கள். ஒரே மின்முனையைத் தினமும் அளப்பது வேறு சோதனை. பயன்பாட்டால் வரும் தேய்வையும் சேமிப்பால் வரும் தேய்வையும் ஒன்றாகக் கலந்து எழுதாதீர்கள்.

சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்து அளக்கத் தொடங்குங்கள். புரதம் மின்முனையில் படிவது குறையும். ஆனால் நீர்த்தபின் 5 மில்லிமோலார் 0.5 ஆகிவிடும் என்பதால், அந்தத் தாழ்ந்த பகுதியில் உங்கள் கோட்டில் போதிய புள்ளிகள் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு அதே மாதிரியை அதே நாளில் மருத்துவ ஆய்வகம் ஒன்றில், ஹெக்சோகைனேஸ் என்ற வேறொரு நொதியைக் கொண்ட முறையில் அளக்கச் செய்யுங்கள். செல்களைப் பிரிக்காத இரத்தத்தில் அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். காலையில் ஆய்வகம் அளந்ததையும் மதியம் நீங்கள் அளந்ததையும் ஒப்பிட்டால் குறை உணரியின் மேல் விழும்; எடுத்த நேரம், பிரித்த நேரம், அளந்த நேரம் மூன்றையும் குழாயின் மேலேயே எழுதுங்கள்.

வீட்டில் பயன்படும் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197:2013 தரம், 100 மி.கி./டெ.லி.க்குக் கீழே ±15 மி.கி./டெ.லி., அதற்கு மேலே ±15 விழுக்காடு என்ற எல்லைக்குள் 95 விழுக்காடு முடிவுகள் விழ வேண்டும் என்கிறது. முதல் உணரி அந்த எல்லையைத் தொடாமல் போகலாம். ஆனால் உங்கள் புள்ளிகளை அந்த எல்லைக் கோடுகளோடு சேர்த்தே வரைபடத்தில் குறியுங்கள். இரத்தம் தொட்ட மின்முனைகளைத் திரும்ப எடுத்துத் தேய்க்க வேண்டாம். உயிரிக் கழிவுக் கலனில் அன்றே போட்டுவிடுங்கள்.